சிறகில் அமைந்த துப்பாக்கி: கருவியும் கருத்தாவும்

மனிதன் ஆக்கிய கருவிகள் யாவும் அவனது உறுப்புகளின் நீட்சியே என்பர். சுத்தியல் கையின் நீட்சி. தொலைநோக்கி கண்ணின் நீட்சி. படைக்கலங்களுக்கும் இக்கூற்று நெடுங்காலம் பொருந்தி வந்தது. வாள் ஓங்கியவன் தன் தோளின் அசைவிலே தன் செயலை உணர்ந்தான். வில் வளைத்தவன் நாணின் இறுக்கத்திலே அதனை உணர்ந்தான். செய்பவனுக்கும் செயலுக்கும் இடையே அவனது உடலே பாலமாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு படைக்கலமோ இப்பாலத்தைப் புதியதொரு முறையிலே தகர்த்தது. போர் விமானத்தின் சிறகுகளுக்குள் பொருத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கியே அது. அதனைச் சுடுபவன் அதனைத் தொடுவதில்லை. அதனைத் தனியாகக் குறிபார்ப்பதுமில்லை. தான் அமர்ந்திருக்கும் விமானம் முழுவதையும் எதிரியை நோக்கித் திருப்புகின்றான். பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்துகின்றான். எஞ்சியவற்றைச் சிறகுகள் செய்து முடிக்கின்றன.

இவ்விடயத்தைச் சிந்திப்பதற்குத் தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு நுட்பமான வாயிலைத் திறந்து தருகின்றது. மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் கருவியும் கருத்தாவும் ஒருங்கே அடங்கும். ‘வாளால் வெட்டுண்டான்’ என்பதிலும் ‘பகைவனால் வெட்டுண்டான்’ என்பதிலும் உருபு ஒன்றே. எது கருவி, எவன் கருத்தா என்பதைப் பொருள் நோக்கி நாமே துணிதல் வேண்டும். மேலும், கருத்தாவினை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இலக்கணகாரர் இருவகைப்படுத்துவர். கோயிலை அரசன் கட்டினான் என்றாலும் அமையும். தச்சன் கட்டினான் என்றாலும் அமையும். முன்னவன் ஏவினான்; பின்னவன் இயற்றினான். சிறகுத் துப்பாக்கியின் முன்னே இவ்விருவகைப் பாகுபாடு போதுமானதாக உள்ளதா? அங்கே ஒருவன் கொல்லப்படும்போது கொன்றவர் யார்? பலர் கைபட்டு நிகழும் ஒரு செயலுக்கான பொறுப்பு அப்பலரிடையே பங்கிடப்பட்டுத் தேய்ந்து போகின்றதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூக்கிலிருந்து சிறகுக்கு

முதலாம் உலக மகாயுத்தத்தின் தொடக்கத்தில் விமானம் பெரும்பாலும் வேவு பார்க்கும் கண்ணாகவே பயன்பட்டது. அது படைக்கலமாக மாற வேண்டுமாயின் முன்னோக்கிச் சுட வேண்டும். ஆனால் முன்னே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. 1915 ஏப்ரிலில் றோலன் கறோஸ் என்னும் பிரெஞ்சு விமானி, விசிறியின் அலகுகளிலே உலோகத் தகடுகளைப் பொருத்தி, அவற்றிற் படும் ரவைகள் திசைமாறித் தெறிக்குமாறு செய்து, விசிறியினூடாகவே சுட்டார். அதே மாதம் 18ஆம் திகதி அவர் யேர்மனியரின் பகுதியில் இறங்கிச் சிறைப்பட நேர்ந்தது. அவ்வாண்டிலேயே அன்ரனி பொக்கரின் தொழிற்சாலை, விசிறியின் அலகு துப்பாக்கி வாய்க்கு நேரே வராத கணங்களில் மாத்திரம் ரவை வெளிப்படுமாறு ஒத்திசைக்கும் பொறியைப் போர்க்களத்திற்குக் கொண்டுவந்தது.

அக்காலத்துத் துப்பாக்கி பெரும்பாலும் விமானியின் முன்னே, கை எட்டும் தொலைவில் இருந்தது. அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். விமானி கையை நீட்டித் தட்டியும் இழுத்தும் அச்சிக்கலைத் தீர்ப்பான். துப்பாக்கியின் அதிர்வையும் புகை நாற்றத்தையும் அவன் அறிந்திருந்தான். வானிலே பறந்தபோதும் அவன் ஓரளவுக்குப் பழைய காலாட்படை வீரனாகவே இருந்தான் எனலாம்.

1930களில் நிலைமை மாறியது. விமானங்கள் உலோக உடல் பெற்றன, வேகம் பெருகியது, எதிரியை இலக்கில் வைத்திருக்கக்கூடிய நேரம் சுருங்கியது. சுருங்கிய நேரத்துள் கூடுதலான ரவைகளைச் செலுத்த வேண்டுமாயின் துப்பாக்கிகளின் எண்ணிக்கை பெருகவேண்டும். மூக்குப் பகுதியிலோ இடமில்லை. அன்றியும் ஒத்திசைக்கும் பொறி துப்பாக்கியின் வேகத்தைக் குறைத்தது. சிக்கலின்றி இயங்கும் துப்பாக்கிகள் கிடைத்தமையால் அவை விமானியின் கைக்கு எட்ட வேண்டிய தேவையும் அற்றுப்போயிற்று. எனவே துப்பாக்கிகள், விசிறியின் வட்டத்திற்கு அப்பால், சிறகுகளுக்குள் சென்று சேர்ந்தன. பிரித்தானியாவின் ஹரிக்கேன், ஸ்பிற்பயர் ஆகிய விமானங்கள் எட்டு பிறவுணிங் துப்பாக்கிகளைச் சிறகுகளிலே சுமந்தன. யேர்மனியரின் மெசர்சிமிற் 109 விமானத்தின் ‘ஈ’ வகையும் யப்பானியரின் ‘சீறோ’ விமானமும் சிறகுக்கொன்றாக 20 மில்லிமீற்றர் பீரங்கிகளைக் கொண்டிருந்தன. அமெரிக்கரின் தண்டர்போல்ற் எட்டுக் கனரகத் துப்பாக்கிகளையும், மஸ்ரங்கின் பிந்திய வகை ஆறினையும் சிறகுகளில் ஏந்தின.

இம்மாற்றத்திற்குக் காரணம் பொறியியலே. எவரும் விமானியின் மனச்சாட்சியைக் கருதி இதனைச் செய்யவில்லை. ஆயினும் பொறியியல் முடிவுகளுக்கு அறவியல் விளைவுகள் உண்டு. படைக்கலம் கைக்கு எட்டாத் தொலைவுக்குச் சென்றதும், அதனைச் செயற்படுத்தப் பலரது முன்னேற்பாடு தேவைப்பட்டதும் ஒருங்கே நிகழ்ந்தன.

இரண்டு வினாடிக் கணக்கு

எட்டுத் துப்பாக்கிகள் என்னும் எண் எவ்வாறு பிறந்தது? பிரித்தானிய விமான அமைச்சிலே பணியாற்றிய றல்ஃப் சோர்லி என்னும் அதிகாரி, வேகமிக்க எதிரி விமானமொன்றைச் சண்டை விமானி தன் இலக்கில் ஏறத்தாழ இரண்டு வினாடிகள் மாத்திரமே வைத்திருக்க முடியும் என மதிப்பிட்டார். அந்த இரண்டு வினாடிகளுள் எதிரி விமானத்தை அழிக்கப் போதிய ரவைகள் அதனைச் சென்றடைய வேண்டும். அதே அமைச்சைச் சேர்ந்த பிரெட் ஹில் என்பவரும் 1934இல் இக்கணக்கில் ஈடுபட்டார். அவருக்கு வீட்டுச் சமையலறை மேசையிலே துணையிருந்து கணக்கிட்டுக் கொடுத்தவர் அவருடைய மகள் ஹேசல். அப்போது அவருக்கு வயது 13. இச்சிறுமியின் பங்கு 2020இலேயே பரவலாக வெளியுலகிற்குத் தெரியவந்தது. அவர் பின்னாளில் மருத்துவரானார்.

இக்கணக்கின் விளைவினை எண்களிலே நோக்குவோம். ஒரு பிறவுணிங் துப்பாக்கி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,150 ரவைகளைச் செலுத்தும். எட்டும் சேர்ந்து ஒரு வினாடியில் 150க்கு மேற்பட்ட ரவைகளை உமிழும். இரண்டு வினாடிகளில் 300க்கு மேல். ஸ்பிற்பயரின் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 300 ரவைகளே வழங்கப்பட்டன. ஆகவே ஒரு விமானி இடைவிடாது அழுத்துவானாயின் ஏறத்தாழ 16 வினாடிகளுள் அவனது படைக்கலச் சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். பல மாதப் பயிற்சியும், பல ஆண்டு ஆராய்ச்சியும், ஒரு தொழிற்சாலையின் உழைப்பும் அந்தப் பதினாறு வினாடிகளுக்காகவே.

மேசையிலே எழுதப்பட்ட வரைபடத்தில் மனிதர் இல்லை. தூரம் உண்டு; வேகம் உண்டு; துளைகளின் எண்ணிக்கை உண்டு. ‘ஹைங்கல் 111’ என்னும் குண்டுவீச்சு விமானத்தினுள்ளே வழக்கமாக ஐவர் இருந்தனர் என்பது அக்கணக்கின் விடையை மாற்றாது. இது கணக்கின் குறையன்று, கணக்கின் இயல்பு. எண் தனக்கு வேண்டியதை மாத்திரமே பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் கணக்கிடுபவர் எண் அல்லர். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

குவிபுள்ளி

சிறகுத் துப்பாக்கிகளுக்கே உரிய ஒரு பிரச்சினை உண்டு. அவை விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகி இருபுறமும் அமைந்துள்ளன. அவை நேராகச் சுடுமாயின் ரவைகள் எதிரியின் இருமருங்கும் சென்றுவிடலாம். எனவே அவற்றைச் சற்றே உள்நோக்கிச் சரித்து, குறித்ததொரு தொலைவிலே எல்லாத் துப்பாக்கிகளின் ரவைகளும் கூடுமாறு பொருத்தினர். விமானத்தின் வாலைத் தூக்கிப் பறக்கும் நிலையில் நிறுத்தி, எதிரே அளவுக் குறிகள் இட்ட பலகையொன்றை வைத்து, படைக்கலப் பணியாளர் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலினூடாகவும் பார்த்து அதனைத் திருத்துவர். பிரித்தானியச் சண்டை விமானப்படையில் இத்தொலைவு முதலில் ஏறத்தாழ 365 மீற்றராக இருந்தது. 1940இல் அனுபவம் பெற்ற விமானிகள் அதனை ஏறத்தாழ 230 மீற்றராகக் குறைத்துக்கொண்டனர். அண்மையிற் சென்று சுட்டாலே எதிரி வீழ்வான் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இங்கே ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. கைக்கும் துப்பாக்கிக்கும் இடையே தொலைவு கூடியது. ஆனால் கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் இடையேயான தொலைவைக் குறைக்க வேண்டியதாயிற்று. உயரத்திலிருந்து குண்டு வீசுபவன் கீழே இருப்பவரைக் காண்பதில்லை. தான் காணவில்லை என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். சிறகுத் துப்பாக்கி உடையவனுக்கு அவ்வாறு கூற இயலாது. அவன் எதிரியின் விமானத்தைத் தன் கண்ணாடி வளையத்துள் நிறைத்துப் பார்க்கின்றான். ஆனால் அவன் கையில் வெப்பமில்லை. பெருவிரலின் ஓர் அழுத்தமே உண்டு. கண் அருகிலும் கை தொலைவிலும் நிற்கும் இந்நிலையே இப்படைக்கலத்தை அறவியல் ஆய்வுக்கு உரியதாக்குகின்றது.

நிலத்திலே இருந்த பணியாளரின் நிலையும் சிந்தனைக்குரியது. உயரத்திலே குளிரால் துப்பாக்கிகள் உறையாதிருக்கவும், தூசும் ஈரமும் புகாதிருக்கவும், சிறகின் முன்விளிம்பிலுள்ள துப்பாக்கித் துவாரங்களைச் செந்நிறத் துணித்துண்டுகளால் அவர்கள் மூடி ஒட்டினர். முதல் ரவை அத்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். விமானம் திரும்பி வரும்போது துணி கிழிந்திருந்தால் சண்டை நிகழ்ந்தது என்பதைப் பணியாளர் உடனே அறிவர். கிழிந்த துணியை அகற்றுவர்; புதிய ரவைப் பட்டிகளை இடுவர்; மீண்டும் துணி ஒட்டுவர். தமது கைவேலையின் பயனை அவர்கள் கண்டது அக்கிழிசலில் மாத்திரமே.

யார் கொன்றது?

இப்பொழுது நமது வினாவுக்கு மீள்வோம். கணக்கிட்டவர் கூறலாம்: ‘நான் ஓர் எண்ணைத் தந்தேன், எவரையும் சுடவில்லை.’ படைக்கலப் பணியாளர் கூறலாம்: ‘நான் குழல்களை நேர்செய்தேன், எங்கு, எவரை நோக்கி என்பது எனக்குத் தெரியாது.’ விமானி கூறலாம்: ‘எனக்கு ஆணை கிடைத்தது, நான் விமானத்தைத் திருப்பினேன், துப்பாக்கிகளைப் பொருத்தியவர் வேறொருவர்.’ ஆணையிட்டவர் கூறலாம்: ‘நான் நிலத்திலே வரைபடத்தின் முன் இருந்தேன்.’ ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே உண்மை. எல்லாவற்றையும் கூட்டினால் வருவதோ பொய். ஏனெனில் ஒருவன் இறந்துள்ளான், கொன்றவர் எவருமில்லை.

இப்பொய்க்கு மொழியும் துணைபோகின்றது. தமிழில் வினைமுற்றின் விகுதியிலேயே செய்தவன் ஒளிந்து நிற்கின்றான். ‘சுட்டான்’ என்ற சொல்லிலிருந்து ‘ஆன்’ என்பதை எடுத்துவிட்டால் முற்று நிற்காது. போர் அறிக்கைகளோ செயப்பாட்டு வினையையே நாடும். ‘விமானம் வீழ்த்தப்பட்டது’ என்னும் தொடரில் வீழ்ந்தது பொருள். வீழ்த்தியவனுக்கு அங்கே இடமில்லை. விமானிகளின் வெற்றிகளும் விமானங்களின் எண்ணிக்கையாகவே பதியப்பட்டன. சிறகிலே துப்பாக்கியோடு சேர்த்துப் படப்பிடிப்புக் கருவியையும் பொருத்தினர். பொத்தானை அழுத்தும்போது அதுவும் இயங்கிச் சாட்சி பகர்ந்தது. அச்சாட்சியிடம் கேட்கப்பட்ட வினாவும் விமானம் வீழ்ந்ததா என்பதேயன்றி, உள்ளே இருந்தவர் என்ன ஆயினர் என்பதன்று.

பொறுப்பு என்பது பங்கிட்டாற் குறையும் பண்டமன்று என்பதே எனது கருத்து. ஒரு மூடை நெல்லை நூறு பேர் சுமந்தால் ஒவ்வொருவர் சுமையும் நூறிலொன்றாகும். ஒரு கொலையை நூறு பேர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் நூறிலொரு பங்கு கொலை செய்ததாகாது. சிறகுத் துப்பாக்கியின் அமைப்பே இதற்குத் தக்க உவமையாகின்றது. எட்டுத் துப்பாக்கிகளின் ரவைகளும் ஓரிடத்திற் கூடுகின்றன. வீழ்த்திய ரவை எந்தத் துப்பாக்கிக்குரியது என எவராலும் கூற இயலாது. அதனால் எட்டும் சுடவில்லை என்றாகுமா? எட்டுமே சுட்டன என்பதே உண்மை. மனிதப் பொறுப்பும் அவ்வாறே பல திசைகளிலிருந்து வந்து ஒரு புள்ளியிற் குவிகின்றது.

இவ்வாறு கூறும்போது ஒரு மறுப்பு எழும். அவ்வாறாயின் பதின்மூன்று வயதுச் சிறுமியும், பொத்தானை அழுத்திய விமானியும், போரைத் தொடுத்த ஆட்சியாளனும் ஒரே தட்டிலே நிறுக்கப்படுவரா? அல்லர். குவிபுள்ளி ஒன்றாயினும் அதனை நோக்கி வந்த கோடுகள் வேறு. ஒருவரது பொறுப்பின் தன்மையை மூன்று வினாக்கள் தீர்மானிக்கின்றன எனலாம். தன் செயல் எதற்குப் பயன்படும் என்பதை அவர் எந்த அளவு அறிந்திருந்தார்? அதனை விரும்பிச் செய்தாரா? மறுப்பதற்கு அவரிடம் எந்த அளவு வலு இருந்தது? தந்தையின் மேசையருகே அமர்ந்த சிறுமிக்கு இம்மூன்றுமே மிகக் குறைவு. ஆணையிட்டவருக்கு இம்மூன்றுமே மிகுதி. யேர்மனிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பேர்ஸ், தமது நாட்டின் குற்றம் பற்றி 1946இல் எழுதிய நூலிலே, சட்டத்தின் முன்னான குற்றத்தையும், அரசியற் குற்றத்தையும், ஒழுக்கக் குற்றத்தையும், மெய்யியற் குற்றத்தையும் வேறுபடுத்தினார். அவர் பேசியது குற்றம் பற்றி. நாம் பேசுவது குற்றமாகாத செயலையும் உள்ளடக்கிய பொறுப்புப் பற்றி. எனினும் அவர் உணர்த்திய ஒன்று இங்கு நினைக்கத்தக்கது: நீதிமன்றம் ஒருவரை விசாரிக்காது என்பதனால் அவரது மனச்சாட்சியும் விசாரணையை முடித்துக்கொண்டது என்று பொருளாகாது.

நியாயமும் நழுவலும்

இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. 1940இல் பிரித்தானியாவின் வானிலே சுட்டவர்கள், நாசிசத்தின் படையெடுப்பைத் தடுத்தவர்கள் அல்லரா? அந்த எட்டுத் துப்பாக்கிகள் இல்லாதிருந்தால் ஐரோப்பாவின் கதி என்ன? அவர்களைப் பொறுப்பாளிகள் என்று கூறுவது நன்றி கொன்ற செயலன்றோ?

இம்மறுப்பிலுள்ள உண்மையை நான் ஏற்கின்றேன். அவர்கள் செய்தது நியாயமே என்று கொள்வதற்குப் போதிய காரணங்கள் உள்ளன. ஆனால் ஒரு செயல் நியாயமானது என்பதும், அச்செயல் என்னுடையதன்று என்பதும் முற்றிலும் வேறான கூற்றுக்கள். ‘நான் செய்தேன், அது செய்யத்தக்கது’ என்பவன் தன் செயலை ஏற்று அதற்குக் காரணம் காட்டுகின்றான். ‘நான் செய்யவில்லை, பொறி செய்தது, ஆணை செய்தது’ என்பவன் குற்றத்திலிருந்து மாத்திரமன்றி நியாயத்திலிருந்தும் தன்னை நீக்கிக்கொள்கின்றான். செய்யாதவனுக்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை. எனவே பொறுப்பை ஏற்றல் நியாயமான போராளிக்கு எதிரானதன்று. அவனது நியாயத்திற்கு அதுவே அடிப்படை.

ஸ்பிற்பயர் விமானியான றிச்சார்ட் ஹிலறி இதற்கு ஒரு சான்று. 1940 செப்ரெம்பர் 3ஆம் திகதி சுட்டு வீழ்த்தப்பட்டுக் கொடிய தீக்காயமுற்ற அவர், 1942இல் வெளியான தமது நூலிலே, தாம் முதன்முதலாக ஒருவனைக் கொன்றபோது எழுந்த உணர்வினை ஆராய்கின்றார். சண்டை விமானியின் மனநிலையை இருவர் பொருதும் துவந்த யுத்தத்தின் நிதானத்திற்கு அவர் ஒப்பிடுகின்றார். இவ்வுவமை முழுவதும் பொருந்தாது. துவந்த யுத்தத்தில் இருவரே உண்டு. இங்கோ ஒவ்வொருவர் பின்னும் ஒரு நாட்டின் தொழிற்சாலைகளே நின்றன. குண்டுவீச்சு விமானத்தின் ஐவரோ துவந்த யுத்தத்திற்கு வந்தவரல்லர். ஆயினும் ஹிலறி தன்மை ஒருமையிலே பேசினார். கொன்றதைத் தமது செயலாகவே எழுதினார். 1943 சனவரியில் அவர் விமான விபத்தொன்றில் இறந்தார்.

பரசூட்டில் இறங்கியவன்

பொறிகளின் மறைப்பு விலகி மனிதன் வெளிப்படும் கணம் ஒன்று வான்போரில் உண்டு. எரியும் விமானத்திலிருந்து ஒருவன் குதித்துப் பரசூட்டிலே தொங்குகின்றான். அவனை இன்னும் ஒரு ‘விமானம்’ என எண்ண இயலாது. சிறகிலே ரவைகள் எஞ்சியுள்ளன. பெருவிரல் பொத்தானிலே உள்ளது. சுடலாமா?

1923இல் ஹேக் நகரிலே வரையப்பட்ட வான்போர் விதிகள், செயலிழந்த விமானத்திலிருந்து தப்பிக் குதிப்போரை இறங்கும்போது தாக்கலாகாது என்றன. அதே வரைவு, விமானங்கள் தீமூட்டும் ரவைகளையும் வெடிக்கும் ரவைகளையும் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்றும் கூறியது. 1868இன் சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் 400 கிராமிற்குக் குறைந்த வெடிக்கும், தீமூட்டும் எறியங்களைக் கைவிடுவதாக உடன்பட்டிருந்தது. பிறவுணிங் ரவையின் நிறையோ ஏறத்தாழ 11 கிராம். ஒரு கையால் இரக்கத்தைத் தந்து மறுகையால் அதனைப் பெற்றுக்கொண்ட அவ்வரைவு நாடுகளாற் சட்டமாக ஏற்கப்படவுமில்லை.

சட்டம் உறுதியாக இல்லாதவிடத்து மனிதர் எவ்வாறு நடந்தனர்? பிரித்தானியச் சண்டை விமானப்படையின் தளபதி ஹியூ டவுடிங் தமது அறிக்கையிலே ஒரு தருக்கத்தை முன்வைத்தார். இங்கிலாந்தின் மேல் இறங்கும் யேர்மனியன் சிறைக்கைதியாகப் போகின்றவன். அவனைச் சுடுதல் தகாது. அதே இடத்தில் இறங்கும் பிரித்தானியன் மீண்டும் போருக்கு வரக்கூடியவன். அவனைச் சுட யேர்மனியருக்கு உரிமையுண்டு என்பது அவர் கருத்து. தம்மவர்க்குப் பாதகமான முடிவையும் மறையாது கூறிய அவரது நேர்மை வியக்கத்தக்கது. யேர்மனிய விமானி அடொல்ஃப் கலண்டின் நினைவுக் குறிப்பு வேறொரு குரலைக் கேட்பிக்கின்றது. பரசூட்டில் இறங்குவோரைச் சுடுமாறு ஆணையிட்டால் என்ன எண்ணுவாய் என்று கோரிங் வினவியபோது, அதனைக் கொலையாகவே கருதுவேன், அவ்வாணையை மீற இயன்ற யாவும் செய்வேன் எனத் தாம் விடையிறுத்ததாக அவர் எழுதுகின்றார். தீய அரசொன்றிற்காகப் போரிட்ட ஒருவனின் இச்சொல்லை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவன் போரிட்ட நோக்கத்தை அது தூய்மையாக்காது. ஆனால் ஆணைக்கும் விரலுக்கும் இடையே ஒரு மனிதன் நிற்க இடமுண்டு என்பதை அது காட்டுகின்றது. ஏவுதற் கருத்தா எவ்வளவு வலியவனாயினும் இயற்றுதற் கருத்தா வெறும் கருவியாகிவிடுவதில்லை.

தமிழர் போரிலக்கணமும் இவ்விடத்தைத் தொட்டுள்ளது. புறமுதுகிட்டு ஓடுபவர்மேற் படைக்கலம் ஓச்சாத மறமாண்பினைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘தழிஞ்சி’ என்னும் துறையாக வகுத்தது. துன்புற்ற பகைவனுக்கு உதவுதலே வீரத்தின் கூர்மை என வள்ளுவர் படைச்செருக்கிலே கருதினார். இரண்டும் ஆற்றல் இருந்தும் அடங்குவதை வீரத்தின் உள்ளேயே வைத்தன என்பது கவனிக்கத்தக்கது. ஈற்றில் 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் மேலதிக நெறிமுறை, ஆபத்துக்குள்ளான விமானத்திலிருந்து பரசூட்டில் இறங்குவோரைத் தாக்கலாகாது எனத் தெளிவாக விதித்தது.

தரையை நோக்கித் திரும்பிய சிறகு

வானிலே விமானத்தை எதிர்த்த அதே சிறகுகள் 1944இலும் 1945இலும் பெருமளவில் தரையை நோக்கித் திரும்பின. புகையிரதங்களும் வாகனங்களும் வீதிகளும் இலக்குகளாயின. அமெரிக்க விமானி சக் யேகர் 1985இல் வெளியான தமது தன்வரலாற்றிலே, யேர்மனியில் 50 மைல் நீளமும் 50 மைல் அகலமும் கொண்ட ஒரு பரப்பினுள் அசையும் யாவற்றையும் சுடுமாறு தமக்கு ஆணை வந்ததை எழுதியுள்ளார். அது கொடுஞ்செயல் என்பதைத் தாம் அறிந்திருந்ததையும், ஆணையை நிறைவேற்றியதையும் அவர் மறைக்கவில்லை.

‘அசையும் யாவும்’ என்னும் சொற்றொடரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வயலிற் செல்லும் உழவனும் அசைபவனே. பாடசாலை செல்லும் பிள்ளையும் அசைவதே. துப்பாக்கியின் குவிபுள்ளி எவரையும் வேறுபடுத்தி அறியாது. வேறுபடுத்தும் பொறுப்பு மனிதனுடையது. அவ்வாணையோ அப்பொறுப்பையே அவனிடமிருந்து பறித்தது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு முன்னறிவித்த பின்னரே அம்பு தொடுத்தவன் எனப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூறு புகழும். இவ்வறம் நடைமுறையில் எங்கும் பேணப்பட்டது என நாம் பெருமை கொள்வதற்கில்லை; பகைவர் நாட்டை எரியூட்டியதையும் அதே புறநானூறு புகழ்ந்துள்ளது. ஆயினும் அம்புக்கு முன் ஒரு சொல் செல்லவேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றியது. வினாடிக்கு நூற்றைம்பது ரவைகள் செல்லும் வேகத்திலே அச்சொல்லுக்கு இடமில்லை. எனவே அந்தச் சொல், விமானம் எழுவதற்கு முன்னரே, ஆணை எழுதப்படும் மேசையிலேயே சொல்லப்பட்டாக வேண்டும்.

நமக்குரிய வினா

இவை யாவும் ஐரோப்பாவின் கதைகள் என ஒதுக்குவதற்கில்லை. 1942 ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த ஓடுபாதையிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து அவற்றை எதிர்த்தன. சீனக்குடாவிலிருந்து அவ்வேளை வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்கள், சீறோக்களின் முன்னே தப்ப வழியின்றி வீழ்ந்தன. நான்கு நாட்களின் பின் திருகோணமலையின் வானமும் போர்க்களமாயிற்று. சிறகிலே துப்பாக்கி கொண்ட இருதரப்பாரும் இத்தீவைச் சேர்ந்தவரல்லர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களே இத்தீவின் மக்கள். பின்னொரு காலத்தில் நம் பெற்றோரின் தலைமுறை, விமானத்தின் ஒலி கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடக் கற்றுக்கொண்டது. கீழிருந்து பார்ப்பவனுக்குக் கணக்கிட்டவரும் பொருத்தியவரும் ஏவியவரும் தனித்தனியே தெரிவதில்லை. அவர்கள் யாவரும் ஒரே சிறகாகவே அவனை நோக்கி வருகின்றனர். பொறுப்பு குவிகின்றது என்பது அவனுக்குத் தத்துவமன்று, அனுபவம்.

இன்று விமானியே இல்லாத விமானங்கள் சுடுகின்றன. சிறகுக்கும் பெருவிரலுக்கும் இடையே இருந்த சில மீற்றர் தொலைவு இன்று கண்டங்களின் தொலைவாகிவிட்டது. கணக்கிடும் மேசைகள் பெருகியுள்ளன. அவற்றின் முன் அமர்பவர்கள் நம்மைப் போன்று பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோரே. நம்மிற் பெரும்பாலோர் ஒருபோதும் துப்பாக்கியைத் தொடமாட்டோம். ஆனால் அறிக்கை எழுதுவோம், எண்களைத் தொகுப்போம், மொழிபெயர்ப்போம், கையொப்பமிடுவோம். அவற்றுள் ஏதோ ஒன்று எங்கோ ஒரு குவிபுள்ளியை நோக்கிச் செல்லும் கோடாக இருக்கக்கூடும்.

அவ்வேளையில் நம்மிடம் வேண்டப்படுவது எல்லாச் செயலையும் விட்டொதுங்கும் துறவன்று. செயலற்றிருத்தலும் சிலவேளை பெருங்கொடுமைக்குத் துணையாகிவிடும். வேண்டப்படுவது, நம் வினைகளுக்கு விகுதி இடும் துணிவே. ‘செய்யப்பட்டது’ என்று எழுதும் கை ஒரு கணம் நின்று, ‘செய்தேன்’ என்று எழுத முடியுமா எனத் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுத முடியுமாயின் அச்செயலுக்கு நியாயம் தேடலாம். எழுதக் கூசுமாயின், அக்கூச்சமே அதனைச் செய்யாது விடுவதற்குப் போதிய காரணமாகும்.